இந்தியா கேட் பக்கத்தில் ஒரு ரூம்

டெல்லிக்குச் சுற்றிப் பார்க்க வரும் தமிழ்நாட்டுக் குடும்பங்களுக்குத் தங்க இடம் பார்த்துக் கொடுப்பது என் தொழில். போனில் கூப்பிடுகிறவர்கள் தேதியைச் சொல்வதற்கு முன்பே ஒரு கட்டடத்தின் பெயரைச் சொல்லிவிடுவார்கள். பெரும்பாலும் அது இந்தியா கேட். அதை விட்டால் செங்கோட்டை, குதுப் மினார்.

திண்டுக்கல்லிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் பேசினார். "தம்பி, செலவு கொஞ்சம் கூடப் போனாலும் பரவாயில்ல. இந்தியா கேட்டுக்குப் பக்கத்துலயே பாத்துருங்க. அம்மாவையும் கூட்டிட்டு வர்றோம். அவங்களால ரொம்ப நடக்க முடியாது."

"அம்மா இந்தியா கேட்டுல எவ்வளவு நேரம் இருப்பாங்க, சார்?"

"ஒரு மணி நேரம் இருக்கலாம்."

"ரூம்ல?"

கொஞ்சம் யோசித்தார். "ராத்திரி பூரா. மத்தியானமும் சாப்பிட்டுட்டு ஒரு ரெண்டு மணி நேரம் படுக்கணும்."

"அப்ப முதல்ல அந்த ரூமைப் பத்திப் பேசிருவோம் சார்" என்றேன். அன்றைக்கு அரை மணி நேரம் பேசினோம். வெஸ்டர்ன் டாய்லெட் வேண்டும், லிஃப்ட் வேண்டும், காலையில் ஆறு மணிக்கு வெந்நீர் வேண்டும், மாத்திரை போடுவதற்கு முன் ஏதாவது சாப்பிடக் கிடைக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாக வந்தது. இந்தியா கேட் என்ற பேச்சே அதன்பிறகு வரவில்லை.

அவர் அப்படிக் கேட்டது நியாயம்தான். நம் ஊரில் பயணம் என்றால் கோயில். மதுரைக்குப் போனால் மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றியே ரூம் போடுவோம். டவுன் ஹால் ரோட்டிலும் மேலப் பெருமாள் மேஸ்திரி வீதியிலும் லாட்ஜுகள் வரிசையாக நிற்பதற்குக் காரணம் உண்டு. விடியற்காலையில் குளித்துவிட்டு நடந்தே தரிசனத்துக்குப் போகலாம். மதியம் நடை சாத்தினால் திரும்பி வந்து படுக்கலாம், சாயங்காலம் மறுபடி போகலாம். ராமேஸ்வரத்தில் அக்னி தீர்த்தத்தில் முங்கி, இருபத்திரண்டு தீர்த்தங்களிலும் நனைந்து, ஈரத்துணியோடு வருகிறவருக்கு ரூம் கோயில் வாசலிலேயே இருந்தாக வேண்டும். அந்த ஊர்களெல்லாம் கோயிலைச் சுற்றி வளர்ந்தவை. பூக்கடை, இட்லிக்கடை, மருந்துக்கடை, லாட்ஜ் எல்லாம் கோபுரத்தைப் பார்த்தபடி இருக்கும். அந்தப் பழக்கத்தோடுதான் நம்மவர்கள் டெல்லிக்கு வருகிறார்கள்.

டெல்லியில் இந்தியா கேட்டைச் சுற்றி ஊர் இல்லை. 1921-ல் அடிக்கல் நாட்டி, 1931-ல் திறந்த 42 மீட்டர் உயர வளைவு அது. எட்வின் லூட்யன்ஸ் வரைந்த நகரத்தில், தூரத்திலிருந்து தெரிய வேண்டும் என்பதற்காகவே அதைச் சுற்றி வெட்டவெளி விட்டிருக்கிறார்கள். அந்த வெட்டவெளியைச் சுற்றும் சாலையில் இருப்பவை சமஸ்தான மன்னர்கள் கட்டிய மாளிகைகள்: ஹைதராபாத் ஹவுஸ், பரோடா ஹவுஸ், பாட்டியாலா ஹவுஸ், பிகானேர் ஹவுஸ், இன்று நவீன ஓவியக்கூடமாக இருக்கும் ஜெய்ப்பூர் ஹவுஸ். அதற்கு வெளியே அமைச்சர்களும் நீதிபதிகளும் குடியிருக்கும் பங்களாக்கள். மான்சிங் ரோட்டில் தாஜ், ஜன்பத்தில் 1930-களிலிருந்து இருக்கும் இம்பீரியல் என்று பெரிய ஹோட்டல்கள் உண்டு. நடுத்தரக் குடும்பத்துக்கு அந்த வாடகை கட்டாது. கட்டினாலும், அந்தச் சாலைகளில் ராத்திரி எட்டு மணிக்கு ஒரு டீயோ தலைவலி மாத்திரையோ வாங்கக் கடை கிடையாது. இந்தியா கேட்டை ஒட்டி மெட்ரோ ஸ்டேஷனும் இல்லை. சென்ட்ரல் செக்ரடேரியட்டில் இறங்கினாலும் கான் மார்க்கெட்டில் இறங்கினாலும் வயதானவர்களால் நடக்க முடியாத தூரம். ஆட்டோ பிடித்தாக வேண்டும். அப்படியிருக்க, ரூம் இரண்டு கிலோமீட்டரில் இருந்தால் என்ன, ஏழு கிலோமீட்டரில் இருந்தால் என்ன?

செல்போனில் ரூம் தேடுகிறவர்களுக்கு இன்னொரு சங்கடம் உண்டு. 'இந்தியா கேட்டிலிருந்து இத்தனை கிலோமீட்டர்' என்று போட்டிருப்பது பெரும்பாலும் காக்கை பறக்கும் தூரம். நாம் காக்கை அல்ல. நடுவில் ரயில்வே தண்டவாளம் இருக்கும், யூ-டர்ன் கிடைக்காத ரிங் ரோடு இருக்கும், பாதுகாப்புக்காக மூடிய சாலை இருக்கும். ஜனவரியில் குடியரசு தின ஒத்திகை தொடங்கிவிட்டால் கர்தவ்ய பாதையைச் சுற்றிய வழிகளை அவ்வப்போது அடைத்துவிடுவார்கள். அந்த நாட்களில் இந்தியா கேட்டுக்குப் பக்கத்தில் இருப்பவர்தான் அதிகம் சுற்றிப் போவார்.

ஸ்டேஷன் பெயரை நம்பி ரூம் போடுகிறவர்களும் உண்டு. குதுப் மினார் என்ற ஸ்டேஷனில் இறங்கினால் மினார் கண்ணெதிரே நிற்காது. வெயில் காலத்தில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடக்கிற தூரமில்லை அது, ஷேர் ஆட்டோ பிடிக்க வேண்டும். 'குதுப் மினார் மெட்ரோவுக்கு எதிரில்' என்று விளம்பரப்படுத்தும் ரூம் ஸ்டேஷனுக்குத்தான் எதிரில். அதே நேரம் தாமரைக் கோயிலுக்குக் கால்காஜி மந்திர் ஸ்டேஷனிலும், சஃப்தர்ஜங் கல்லறைக்கு ஜோர் பாக் ஸ்டேஷனிலும் இறங்கினால் சுகமாக நடந்துவிடலாம். இதையெல்லாம் வரைபடம் சொல்வதில்லை. ஒரு தடவை நடந்து பார்த்தவர்தான் சொல்ல முடியும்.

நான் வளர்ந்தது லக்ஷ்மிபாய் நகரில். அப்பா மத்திய அரசு ஊழியர். ஜான்சி ராணியின் பெயர் கொண்ட அந்தக் காலனியும், பக்கத்தில் சரோஜினி நகர், நேதாஜி நகர், நவ்ரோஜி நகர், கித்வாய் நகர் எல்லாமும் சுதந்திரத்துக்குப் பிறகு அரசு ஊழியர்களுக்காகக் கட்டிய குவார்ட்டர்ஸ்கள். நூறடிக்கு ஒரு தமிழ்க் குடும்பம் இருந்த காலம் அது. டெல்லி தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளி காலனிக்குள்ளேயே இருந்தது, இன்றும் இருக்கிறது. காலையில் பள்ளி வாசலில் தமிழ் கேட்கும். சரோஜினி நகரில் பிள்ளையார் கோயில், ராமகிருஷ்ணபுரத்தில் மலை மந்திர், ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் முருங்கைக்காய், சின்ன வெங்காயம், கறிவேப்பிலை, வாழையிலை. ஊரிலிருந்து வருகிறவர்கள் லாட்ஜைத் தேடவே மாட்டார்கள். நேராக எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். இரண்டு அறை வீடு. கோடையில் ஆண்களெல்லாம் வெளியே புல்தரையில் கயிற்றுக் கட்டில் போட்டுப் படுப்போம். குளிர்காலத்தில் பக்கத்து வீட்டிலிருந்து ரஜாய் கடன் வாங்குவோம்.

அப்பாவின் சித்தப்பா ஒருவர் கும்பகோணத்திலிருந்து வந்திருந்தார். செங்கோட்டை, ராஜ்காட், குதுப் மினார் என்று எல்லாவற்றையும் பஸ்ஸிலேயே சுற்றினார். எதுவுமே எங்கள் வீட்டுக்குப் பக்கம் இல்லை. ஊருக்குத் திரும்பும்போது அவர் "டெல்லி ரொம்ப வசதியான ஊர்டா" என்றார். காலையில் எழுந்தால் காபி, குளித்தால் இட்லி, திரும்பி வந்தால் ரசம், கால் வலித்தால் தைலம். அவருக்கு வசதி என்பது அதுதான். இந்தத் தொழிலில் இறங்கியபோது என் கையில் இருந்த ஒரே பாடம் அந்தச் சித்தப்பாத் தாத்தாதான். பார்க்கிற இடத்துக்குப் பக்கத்தில் தங்க வேண்டும் என்பதில்லை. சாப்பாடு, தூக்கம், கழிப்பறை, மருந்து, போக்குவரத்து ஐந்துக்கும் பக்கத்தில் தங்க வேண்டும். நினைவுச் சின்னத்தை ஒரு தடவைதான் பார்க்கப் போகிறோம். அந்தப் படுக்கைக்கு ஒவ்வொரு ராத்திரியும் திரும்பி வருகிறோம்.

அப்பா ஓய்வு பெற்றதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்து கொடுத்தோம். நான் இந்தச் சுற்றுவட்டத்தை விட்டுப் போகவில்லை. காலனிக்குள் ஹோட்டல் கிடையாது, இருக்கவும் முடியாது, அரசு வீடுகள். ஆனால் அதைச் சுற்றி சஃப்தர்ஜங் என்கிளேவ், கிரீன் பார்க், சவுத் எக்ஸ்டென்ஷன் என்று குடியிருப்புப் பகுதிகளில் கெஸ்ட் ஹவுஸ்கள் இருக்கின்றன. 2010 காமன்வெல்த் போட்டிக்கு முன்னால், வீட்டின் சில அறைகளை விருந்தினருக்கு விடுவதற்கு டெல்லி அரசு 2007-ல் ஒரு சட்டமே கொண்டுவந்தது. அப்படிப் பதிவு செய்து நடத்தும் வீடுகள் சிலவும் எனக்குப் பழக்கம்.

இந்த வட்டாரத்தின் பலம் ஐ.என்.ஏ. ஸ்டேஷன். 2010-ல் மஞ்சள் வழித்தடம் வந்தது, 2018-ல் இளஞ்சிவப்பு வழித்தடம் குறுக்கே வந்து சேர்ந்தது. மஞ்சளில் வடக்கே போனால் ஒன்பதாவது ஸ்டேஷன் சாந்தினி சௌக், தெற்கே போனால் ஆறாவது ஸ்டேஷன் குதுப் மினார். இரண்டுக்கும் வண்டி மாற வேண்டாம். இளஞ்சிவப்பில் கிழக்கே ஐந்தாவது ஸ்டேஷனில் இறங்கினால் ஹஸ்ரத் நிஜாமுதீன் ரயில் நிலையம். மதுரையிலிருந்து சம்பர்க் கிராந்தியிலும் கன்னியாகுமரியிலிருந்து திருக்குறள் எக்ஸ்பிரஸிலும் வருகிறவர்கள் இறங்குவது அங்கேதான். விமானத்தில் வருகிறவர்கள் ஏர்போர்ட் எக்ஸ்பிரஸில் தௌலா குவானில் இறங்கி, நகரும் நடைபாதை வைத்த மேம்பாலத்தைக் கடந்து, இளஞ்சிவப்பு வண்டியில் ஏறினால் சரோஜினி நகரோ ஐ.என்.ஏ.வோ வந்துவிடலாம். ஸ்டேஷனை ஒட்டியே 1994-ல் தொடங்கிய தில்லி ஹாட். ஒவ்வொரு மாநிலத்துச் சாப்பாடும் கிடைக்கும். பிள்ளைகள் ஒரு பக்கம் மோமோ சாப்பிட, பெரியவர்கள் கைத்தறி பார்த்துக்கொண்டிருப்பார்கள். சுற்றி அலைந்து வந்த குடும்பத்துக்குச் சாயங்காலம் கழிக்க இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

இங்கே இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எய்ம்ஸும் சஃப்தர்ஜங் மருத்துவமனையும் அரவிந்தோ மார்க்கின் இரண்டு பக்கமும் நிற்கின்றன. எய்ம்ஸ் 1956-ல் தொடங்கியது. பீகார், உத்தரப் பிரதேசம், வடகிழக்கு என்று எங்கெங்கிருந்தோ நோயாளிகள் வருகிறார்கள். மறு பரிசோதனைக்கு நாள் குறித்துக் கொடுத்தால் அதுவரை குடும்பத்தோடு காத்திருக்க வேண்டும். யூசுஃப் சராய், கௌதம் நகர் சந்துகளில் இருக்கும் சிறிய ரூம்கள் அவர்களை நம்பித்தான் இருக்கின்றன, அவர்களும் அந்த ரூம்களை நம்பித்தான் இருக்கிறார்கள். மூலையில் ஒரு கேஸ் அடுப்பு, ஜன்னலில் எக்ஸ்ரே கவர், கொடியில் காயும் குழந்தைத் துணி. இடம் கிடைக்காதவர்கள் மெட்ரோ வாசலிலும் நடைபாதையிலும் போர்வையை விரித்துப் படுத்திருப்பதைக் குளிர்காலத்தில் பார்க்கலாம். அந்த ரூம்களில் நான் சுற்றுலா வருகிறவர்களைப் போடுவதில்லை. வாடகை குறைவு, மெட்ரோ பக்கம், முதலாளிகளும் கூப்பிடுகிறார்கள். ஆனாலும் மாட்டேன். நாம் மூன்று நாள் வந்து படம் பிடித்துக்கொண்டு போவதற்காக, கீமோதெரபிக்கு வந்த ஒருவரின் இடத்தை எடுக்கக் கூடாது.

ரூமை நேரில் பார்க்காமல் யாருக்கும் சொல்வதில்லை. பார்ப்பதற்கு ஒரு முறை வைத்திருக்கிறேன். போவது சாயங்காலம் ஏழு மணிக்கு மேல். பகலில் எந்தச் சந்தும் நன்றாகத்தான் இருக்கும். இருட்டிய பிறகு தெருவிளக்கு எரிகிறதா, பெண்கள் தனியாக நடந்து போகிறார்களா, வாசலில் யார் நிற்கிறார்கள் என்று பார்ப்பேன். உள்ளே போனதும் மேனேஜர் காட்டும் ரூமைப் பார்த்துவிட்டு, "அடுத்த ரூமையும் திறங்க" என்பேன். காட்டுவதற்கென்றே ஒரு நல்ல ரூமை வைத்திருப்பார்கள். வெந்நீர்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றுகொண்டிருப்பேன். கீஸர் இருக்கிறது என்பது வேறு, நான்கு பேர் அடுத்தடுத்துக் குளிக்க அது போதும் என்பது வேறு. சிறிய கீஸர் இரண்டு வாளிக்குமேல் தராது. ஜனவரி மாதம் மூன்றாவதாகக் குளிக்கப் போகிறவர் படும் பாடு எனக்குத் தெரியும். பிறகு ஜன்னல். கரோல் பாக், பஹார்கஞ்ச் பக்கம் பல ரூம்களில் ஜன்னலே கிடையாது, இருந்தாலும் நடைக்கூடத்தைப் பார்த்து இருக்கும். திரையை விலக்கினால் சுவர். ஏ.சி. ஓடும்போது தெரியாது, கரண்ட் போனால் தெரியும்.

கடைசியாகப் படிக்கட்டு. 2019 பிப்ரவரி 12 விடியற்காலையில் கரோல் பாகில் ஒரு ஹோட்டலில் தீப்பிடித்து 17 பேர் இறந்தார்கள். வெளியூரிலிருந்து கல்யாணத்துக்கும் சுற்றுலாவுக்கும் வந்தவர்கள் அதில் இருந்தார்கள். அந்தச் செய்தியைப் படித்த நாளிலிருந்து எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் இரண்டாவது வழி எங்கே என்று கேட்கிறேன். "பின்பக்கம் இருக்கு ஜி" என்பார்கள். "காட்டுங்க" என்று சொல்லி நடந்துபோய்ப் பார்ப்பேன். கதவு பூட்டியிருக்கும், சாவி யாரிடமோ இருக்கும். அல்லது படிக்கட்டில் பழைய மெத்தைகளை அடுக்கி வைத்திருப்பார்கள். ஜன்னலுக்கு வெளியே திறக்க முடியாத இரும்புக் கிராதி, சுவர் முழுக்க மரப்பலகையும் ரெக்ஸினும் வைத்த அலங்காரம், மொட்டை மாடியில் கூரை போட்ட சமையலறை இவற்றில் எது இருந்தாலும் அந்த இடம் வேண்டாம் என்று வந்துவிடுவேன். குடும்பத்தோடு வருகிறவர்களுக்கு முதல் மாடி, அதிகம் போனால் இரண்டாவது மாடி. மேலே காட்சி நன்றாக இருக்கும் என்பார்கள். காட்சியைப் பார்க்கத்தான் ஊர் முழுக்கச் சுற்றப் போகிறோமே.

செங்கோட்டைக்குப் பக்கத்தில்தான் வேண்டும் என்று பிடிவாதமாகச் சொல்கிறவர்களுக்கும் ஏற்பாடு செய்து கொடுக்கிறேன். பழைய டெல்லி வேறு உலகம். அங்கே நினைவுச் சின்னத்தைச் சுற்றி உண்மையாகவே ஊர் இருக்கிறது, நம் கோயில் வீதிகள்போல. இளைஞர்களுக்கு அந்த நெரிசலும் பரோட்டா வாசனையும் பிடிக்கும், இரண்டு நாள் தங்கிப் பார்க்க வேண்டிய இடம்தான். ஆனால் சாந்தினி சௌக் சாலையைச் சீரமைத்து 2021-ல் திறந்ததிலிருந்து காலை ஒன்பது முதல் இரவு ஒன்பது வரை மோட்டார் வண்டிகளுக்கு அனுமதி இல்லை. பகலில் வந்து இறங்கினால் டாக்ஸி செங்கோட்டைப் பக்கமோ ஃபதேபுரிப் பக்கமோ இறக்கிவிட்டுப் போய்விடும். அங்கிருந்து பெட்டிகளோடு சைக்கிள் ரிக்‌ஷாதான். சக்கர நாற்காலியில் வருகிறவருக்கு இது முடியாது. ஆகஸ்ட் 15-க்கு முன்னால் செங்கோட்டையையே பொதுமக்களுக்கு மூடிவிடுவார்கள், அதையும் தேதி கேட்கும்போதே சொல்லிவிட வேண்டும். திங்கட்கிழமை செங்கோட்டைக்கு விடுமுறை. தாமரைக் கோயில், அக்ஷர்தாம், பெரும்பாலான அருங்காட்சியகங்கள், ஏன், சரோஜினி நகர் மார்க்கெட்டும் திங்கட்கிழமை கிடையாது. சனி, ஞாயிறு, திங்கள் என்று மூன்று நாள் லீவு போட்டு வருகிறவர்களுக்கு மூன்றாவது நாள் கையை விட்டுப் போகும். அந்த நாளைக் குதுப் மினாருக்கும் ஹுமாயூன் கல்லறைக்கும் வைத்துவிடுவேன், இரண்டும் திறந்திருக்கும்.

பஹார்கஞ்ச் பற்றிக் கேட்பார்கள். நியூ டெல்லி ஸ்டேஷனுக்கு எதிரே என்பதால் பக்கம்தான். முதல் பிளாட்பாரப் பக்கம் வெளியே வந்தால் பஹார்கஞ்ச், பதினாறாவது பிளாட்பாரப் பக்கம் வெளியே வந்தால் அஜ்மீரி கேட்டும் மெட்ரோவும். பெட்டியோடு எந்தப் பக்கம் போக வேண்டும் என்று தெரியாமல் நிற்கிறவரிடம்தான், "உங்க ஹோட்டல் மூடியாச்சு, அந்த ரோட்டுல கலவரம், வாங்க சுற்றுலா ஆபீஸ்ல கேட்போம்" என்று சொல்லி அழைத்துப்போகும் ஆட்கள் வருவார்கள். அதனால் என்னிடம் வரும் குடும்பத்துக்கு ஓட்டுநர் எந்தப் பக்கம், எந்த வாசலில் நிற்பார் என்று முதல் நாளே தமிழில் எழுதி அனுப்பிவிடுவேன். மஹிபால்பூர் விமான நிலையத்துக்குப் பக்கம். விடிகாலை விமானம் பிடிக்கிற ஒரு ராத்திரிக்குச் சரி, ஊர் பார்ப்பதற்குச் சரிவராது. தமிழ்நாடு இல்லம் கேட்கிறவர்களும் உண்டு. சாணக்கியபுரியில் நல்ல இடத்தில் இருக்கிறது, ஆனால் அரசுப் பணியாக வருகிறவர்களுக்கே முதலிடம். அதை நம்பிப் பயணத்தைத் திட்டமிட வேண்டாம் என்பேன்.

மலேசியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வரும் தமிழர்களுக்கு ரூம் போடுவது தனி வேலை. வெளிநாட்டுப் பாஸ்போர்ட் உள்ளவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அந்த விவரத்தை அதிகாரிகளிடம் பதிவு செய்ய வேண்டியது விடுதிக்காரரின் பொறுப்பு. சிறிய கெஸ்ட் ஹவுஸ்கள் பல அந்த வேலையே வேண்டாம் என்று வெளிநாட்டவரை எடுப்பதில்லை. செல்போனில் பணம் கட்டி உறுதியும் வந்திருக்கும். ராத்திரி பதினொரு மணிக்குக் கவுண்டரில் பாஸ்போர்ட்டை நீட்டும்போதுதான் இல்லை என்பார்கள். கிள்ளானிலிருந்து வந்த ஓர் அக்கா, "பேசுறது தமிழ், முகம் நம்ம முகம், ஆனா நான் ஃபாரினரா?" என்று கேட்டார். விதி அப்படித்தான் என்று சொல்லத்தான் முடிந்தது. வெளிநாட்டுப் பாஸ்போர்ட் எடுக்கும் இடங்களை மட்டும் தனியாகக் குறித்து வைத்திருக்கிறேன், அவர்கள் விஷயத்தில் பக்கம் தூரம் பார்ப்பதே இல்லை.

ஆக்ரா மட்டும் விதிவிலக்கு. அங்கே நானே 'தாஜுக்குப் பக்கத்திலேயே தங்குங்கள்' என்பேன். தாஜ்மஹால் சூரிய உதயத்துக்கு அரை மணி நேரம் முன்னால் திறக்கிறது. அந்த முதல் வெளிச்சத்தில் பளிங்கு நிறம் மாறுவதைப் பார்ப்பதற்காகவே போக வேண்டும். பெட்ரோல் டீசல் வண்டிகளை வாசல்வரை விடுவதில்லை. பேட்டரி வண்டி அல்லது நடைதான். டெல்லியிலிருந்து நிஜாமுதீனில் காலை கதிமான் எக்ஸ்பிரஸ் பிடித்துப் போனாலும் வெயில் ஏறிய பிறகுதான் உள்ளே நுழைவோம், அதற்குள் கூட்டம் சேர்ந்துவிடும். பக்கத்தில் ஒரு ராத்திரி தங்கினால் அந்த விடியல் கிடைக்கும். வெள்ளிக்கிழமை மட்டும் மூடியிருக்கும், அதைக் கவனித்துக்கொண்டால் போதும். இந்தியா கேட்டுக்கு இப்படி ஒரு விடியல் கிடையாது. அதற்கு அழகு சாயங்காலம், விளக்கு போட்ட பிறகு. வெளிச்சம் இருக்கும்போதே போய், 2019-ல் திறந்த தேசியப் போர் நினைவுச் சின்னத்தில் கல்லில் பொறித்த பெயர்களைப் படித்துவிட்டு, விளக்கு போட்டதும் வளைவைப் பார்த்துக் கிளம்பலாம். மதியத்தில் போகிறவர்களுக்கு அசோகா ரோட்டில் ஆந்திர பவன் சாப்பாடு இருக்கிறது. சாம்பாரும் ரசமும் வைத்த இலைச் சாப்பாட்டு ருசி தெரிந்தவர்களுக்கு அது நடுவில் வரும் பெரிய ஆறுதல்.

மிச்சமிருப்பது நேரக் கணக்கு. நம் ஊர் லாட்ஜில் எப்போது வந்தாலும் அதிலிருந்து 24 மணி நேரம். டெல்லியில் அப்படியில்லை. பகல் பன்னிரண்டுக்கு உள்ளே, மறுநாள் பன்னிரண்டுக்குள் வெளியே. தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் இரண்டு ராத்திரிப் பயணம் முடித்துக் காலையில் நியூ டெல்லி வந்து சேர்கிறது. குளிக்க வேண்டும், பல் தேய்க்க வேண்டும், குழந்தைக்குப் பால் வேண்டும், ரூமோ பன்னிரண்டு மணிக்குத்தான். மூடுபனி மாதங்களில் வண்டி எப்போது வரும் என்பதே உறுதியில்லை. அதனால் வருகிற நாளுக்கு முந்தின ராத்திரியிலிருந்தே ஒரு ரூமுக்கு வாடகை கொடுத்து வைக்கச் சொல்வேன். எல்லா ரூமுக்கும் வேண்டாம், ஒன்று போதும், முறை வைத்துக் குளித்துவிடலாம்.

திரும்பும் நாளும் அப்படித்தான். வண்டி ராத்திரி. பன்னிரண்டு மணிக்கு மற்ற ரூம்களைக் காலி செய்துவிட்டு ஒன்றை மட்டும் சாயங்காலம்வரை வைத்துக்கொள்வோம். பெட்டிகள் எல்லாம் அதில் இருக்கும். வயதானவர்கள் கட்டிலில் படுத்துக்கொள்வார்கள், இளையவர்கள் சரோஜினி நகரில் ஸ்வெட்டரும் துப்பட்டாவும் வாங்கப் போவார்கள். ஐந்து மணிக்கு எல்லோரும் வந்து குளித்து, ரயிலுக்கு ஏற்ற பருத்திப் புடவை மாற்றிக்கொண்டு, புளியோதரையும் தயிர் சாதமும் பொட்டலம் கட்டுவார்கள். வந்த நாளில் எல்லாவற்றுக்கும் பேரம் பேசுகிறவர்கள் உண்டு. அந்தக் கடைசி நாள் ஒரு ரூமுக்கான கூடுதல் வாடகைக்கு மட்டும் இதுவரை ஒருவரும் என்னிடம் பேரம் பேசியதில்லை.